ஐந்தாவது விடை

ஆடி 3, வெள்ளி

எனக்கு எதையும் எழுதி வைக்க வேண்டிய அவசியம் கிடையாது. என் பரிசத்தன்று பந்தியில் எனக்கு மட்டும் உடைந்த அப்பளமாகப் பார்த்து வைத்தது யார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். என் நாத்தனார் சின்னம்மிணி. அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலைக்கு என்ன கரை என்பதையும் சொல்வேன். ஆனால் நான் சொன்னால், "அப்படியெல்லாம் நடக்கவே இல்லையே" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். தேதி போட்டு எழுதி வைத்தால் அப்படிப் போக முடியாது. லாரி பைனான்ஸ்காரன் தை மாதம் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினார்கள் என்பதும் தெரியும். அது வேறு ஒரு நாள்.

இன்றைக்கு எழுத வேண்டியது மருமகளைப் பற்றி. மறுபடியும் வங்கித் தேர்வு எழுதப் போகிறாளாம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் இங்கிலீஷில் போய் விழுந்தவள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அதனால் இதுதான் கடைசி என்கிறாள். போன தடவையும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொண்டு சொன்னாள்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். என் மகன் யுவராஜ் ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தத் திருச்செங்கோட்டில் பாதி ஆண்பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், வருகிறார்கள். இவனால் இரண்டு தீபாவளிக்கு வர முடியவில்லை. போன் வராததற்குக் காரணம் அங்கே டவர் இல்லாதது. இதைப் பல தடவை அவளுக்கு எடுத்துச் சொல்லியாகிவிட்டது.

ஆடி 5, ஞாயிறு

தறிப்பட்டறையிலிருந்து துண்டு மூட்டை வந்தது. நானும் மருமகளும் உட்கார்ந்து பிசிறு வெட்டினோம். துண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பதுதான் வேலை. அவள் ஒரு துண்டு வெட்டுவதற்குள் நான் மூன்று வெட்டிவிடுவேன். இன்றைக்கு அவள் ஒன்றுகூட ஒழுங்காக வெட்டவில்லை. எதிரே கோச்சிங் சென்டர் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"இது விடைத்தாளுங்கத்தை. எங்கிட்ட இருந்தா கண்ணு அதும்மேலயே போகுது. நீங்க வெச்சுக்கங்க. நான் நம்பரும் எழுத்தும் சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"தப்புன்னா எது சரின்னு சொல்லோணுமா?"

"வேண்டாங்க. நானே மறுபடியும் பாத்துக்கறேன்."

எனக்கு இங்கிலீஷ் வார்த்தை படிக்கத் தெரியாது, எழுத்து தெரியும். என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் இருந்த காலத்தில் அதன் வாசலில் டீக்கடை போட்டிருந்தேன். நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் யார் வண்டி, யார் பாக்கி வைத்தவன் என்று ஆளை நிறுத்துவேன். தாளில் இருந்ததும் அதே மாதிரிதான். ஒரு நம்பர், பக்கத்தில் ஒரு எழுத்து. இதற்கு ஒரு புத்தகம், அதற்கு ஒரு கோச்சிங், அதை நடத்த ஒரு கலைச்செல்வன் சார்.

ஆடி 9, வியாழன்

விடைத்தாளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

மருமகள் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏனுங்கத்தை எரிச்சுப் போட்டீங்க?"

"எல்லாம் தலைக்குள்ள இருக்குது. அப்பறம் தாளெதுக்கு, கரப்பான் முட்டை வைக்கவா?"

நம்பவில்லை. முதல் பாடத்தில் முப்பத்தொன்று என்றாள். டி என்றேன். மூன்றாம் பாடத்தில் ஏழு என்றாள். ஏ என்றேன். புத்தகத்தில் அவள் ஏற்கனவே சரிபார்த்துக் குறித்திருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்திருந்தால் எழுதியிருப்பேன். பயம்தான் இருந்தது.

ஆடி 14, செவ்வாய்

எதைத்தான் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாள் என்று இன்றைக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். வாக்கியத் திருத்தமாம். ஒரு வாக்கியம் கொடுத்து அதில் ஒரு துண்டுக்கு அடிக்கோடு போட்டிருக்கும். அந்தத் துண்டை எப்படி மாற்றினால் சரியாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சொன்னாள். மேலாளர் குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டார். விருந்தாளிகள் ரயிலைத் தவறவிட்டார்கள். ராபர்ட்டும் அவன் தங்கையும் கடிதம் போட மறந்துவிட்டார்கள். அந்தத் தாளில் இருக்கிற ஜனம் மொத்தமும் எதையாவது மறக்கிறது, இல்லாவிட்டால் எங்கேயாவது தாமதமாகப் போகிறது. ஒருத்தரும் சோறு ஆக்குவதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை. இந்தக் கூட்டத்தைத் திருத்தித்தான் வங்கியில் உட்கார வேண்டுமாம்.

"ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு விடை இருக்குமுங்க" என்றாள். "ஏ, பி, சி, டி நாலும் நாலு விதமா மாத்தி எழுதியிருக்கும். அஞ்சாவது ஈ. அதுக்கு என்ன அர்த்தம்னா, இருக்கறதே சரி, திருத்த வேண்டியதில்லை."

"குத்தமே இல்லாத ஒண்ண எடுத்து வெச்சு, இதுல என்ன குத்தம்னு கேப்பானா?"

"கேப்பாங்க."

"எவன் அவன்?"

சிரித்தாள். என் எதிரில் அவள் சிரிப்பது அபூர்வம். அடக்கமில்லாத சிரிப்பு.

ஒன்று கவனித்தேன். மற்ற எழுத்துகளில் பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறாள். விடை ஈ என்று வருகிற இடத்தில் ஒன்றுகூடச் சரியாகச் சொல்வதில்லை. ஒழுங்காக இருக்கிற வாக்கியத்தைப் போட்டு நோண்டி ஏதாவது ஒன்றை மாற்றிவிடுகிறாள். சில சமயம் "ஈ" என்று வாயெடுப்பாள். உடனே, "இல்லீங்க, பி" என்பாள். தப்பு என்பேன். ஒழுங்கான ஒன்றைப் பார்த்தால் ஒழுங்கு என்று தெரியாத ஜென்மம்.

மத்தியானம் ரசம் நன்றாகத்தான் இருந்தது. உப்புப் பத்தவில்லை என்றேன். மறுபேச்சில்லாமல் இன்னும் போட்டாள். கரித்துப்போய்விட்டது. மூன்று பேரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். ஒரு ரசம்கூட வைக்கத் தெரியவில்லை.

ஆடி 18, சனி

பெருக்குக்குப் பள்ளிபாளையம் ஆற்றங்கரைக்குப் போனோம். மருமகளும் பாப்பாவும் படியில் இறங்கி விளக்கு விடப் போனார்கள். பாப்பா என்றால் பேத்தி. வர்ணிகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வாயில் வராது, வர வைக்கவும் மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து லோகநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யுவராஜோடு அதே ரிக் வண்டியில் வேலை பார்த்தவன், பெருக்கு நோம்பிக்கு ஊருக்கு வந்திருக்கிறான்.

"பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கோபிச்சுக்கக் கூடாது."

சொன்னான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் தாத்தா எங்கள் வரப்பைத் தள்ளிப் போட்டவர். அந்த வம்சத்தில் எவன் வாயிலிருந்தும் உண்மை வந்தது கிடையாது. எழுந்திருக்கும்போது அவன் கால்மேல் என் கைத்தடி பட்டது. பட்டது பட்டதுதான்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம், "யுவராஜு இந்தத் தீவாளிக்குக் கண்டிப்பா வர்றானாம். லோகநாதன்கிட்டச் சொல்லி உட்டிருக்கான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு ஈரத் துணியைப் பிழியப் போனாள்.

ஆவணி 4, செவ்வாய்

இன்றைக்குக் கண்ட குறை: வாசல் தெளித்ததில் ஒரு மூலை காய்ந்திருந்தது. பாப்பாவுக்கு இரட்டைச் சடை ஏற்றத் தாழ்வு. மருமகள் குத்தவைத்துப் படிக்கிறாள், கூன் விழும்.

ஆவணி 8, சனி

முதல் தேர்வு. காலையிலேயே மழை. குடை எடுக்காமல் போய்விட்டாள். தாளில் வருகிற ஜனங்களோடு பழகிப் பழகி அவர்கள் புத்தி வந்துவிட்டது.

ஆவணி 27, வியாழன்

முதல் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது பெரிய தேர்வு, அதிலும் தேறினால் வேலையாம். பாப்பா தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு பாவாத்தாள் சர்க்கரை வாங்குகிற சாக்கில் வந்தாள். அவள் திருப்பித் தராத சர்க்கரை டம்ளர் கணக்கு வேறு இருக்கிறது, அது போகட்டும்.

"நாச்சாக்கா, இனி உங்க மருமவ பேங்க்காரி. எந்தூர்ல கொண்டு போய்ப் போடுவாங்களோ. புள்ளையவும் கூட்டீட்டுப் போயிருவா. அப்பறமென்ன, நீங்க இந்த ஊட்டுக்குக் காவலு."

"ஏன், எம்மகன் வர மாட்டானா?"

பாவாத்தாள் சர்க்கரை டம்ளரையே பார்த்துக்கொண்டு, "அதெப்படி வராம இருப்பான்" என்றாள். அவள் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கே ஏதோ தெரிந்த மாதிரி ஒரு தோரணை. லோகநாதன் என்னிடம் மட்டும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

ஆவணி 29, சனி

பிசிறு வெட்டினோம். மருமகள் நாலாம் பாடத்தில் இருபத்திரண்டு, சி என்றாள்.

தப்பு என்றேன்.

விடை சி தான். நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறதி எனக்கு வராது. நாக்கு அப்படிச் சொன்னது, நான் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். யுவராஜ் வருகிற நாளில் வீடு பூட்டிக் கிடந்தால் அவன் யார் வாசலில் போய் நிற்பான்? இதையெல்லாம் நான் ஒருத்திதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவள் நெடுநேரம் அந்த வாக்கியத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏ-ங்களா?" என்றாள்.

சரி என்றேன்.

புரட்டாசி 6, ஞாயிறு

இந்த ஒரு வாரமாக அவள் சொல்வதில் முக்கால்வாசி தப்பு. நான் சொல்கிறபடி.

சரியாகச் சொல்லிவிட்டு, நான் தப்பு என்றதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேறு எழுத்துக்குப் போகிறாள். சில சமயம் ஏ, பி, டி என்று சுற்றி வருகிறாள். எனக்கு அலுத்துப்போகிற இடத்தில் சரி என்கிறேன். புத்தகத்தின் ஓரத்தில் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பாப்பா போய்க் கூப்பிட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமே தெரியலடா கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நான் முன்பே சொன்னேன்.

தோசை இரண்டு எடுத்து மூடி வைத்தேன். காலையில் அது அப்படியே இருந்தால் நாய்க்குப் போடலாம் என்று.

புரட்டாசி 8, செவ்வாய்

கோச்சிங் சென்டருக்குப் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். என்ன இத்தனை நேரம் என்றேன். ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்ததாம். மின்சாரம் இல்லாமல் கடையில் நின்றாளாம். உட்கார்ந்து, புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள?" என்றேன். "ஒண்ணுமில்லீங்கத்தை" என்றாள்.

தோசையைத் தின்றிருந்தாள் என்பதை அன்றைக்கு எழுதாமல் விட்டுவிட்டேன்.

புரட்டாசி 9, புதன்

இதை விவரமாக எழுத வேண்டும்.

ஐந்தாம் பாடத்தில் பதினொன்று. "ஈ" என்றாள். என் காதை நம்ப முடியவில்லை. அவள் வாயிலிருந்து ஈ வந்து, அது மாறாமல் நின்று நான் கேட்டதில்லை. அது சரியான விடைதான்.

"தப்பு" என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. "இருக்கட்டுங்கத்தை. அடுத்தது, பன்னண்டு, பி."

"பதினொண்ணு தப்புங்கறேன்."

"கேட்டுதுங்க. பன்னண்டு சொல்லுங்க."

"பன்னண்டும் தப்பு."

"சரிங்க. பதிமூணு, ஈ."

இப்படியே போனாள். ஒன்றைக்கூட மாற்றவில்லை. நான் குரலை உயர்த்திச் சொல்லிப் பார்த்தேன், இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நூலுக்குப் பதில் துண்டின் ஓரத்தையே வெட்டிவிட்டாள். ஆனால் எழுத்தை மாற்றவில்லை. எதிர்த்துப் பேசுகிற பழக்கம் இந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை. கலைச்செல்வன் சார் சொல்லிக் கொடுத்திருப்பார்.

புரட்டாசி 14, திங்கள்

மத்தியானம் ரசம். உப்புப் பத்தவில்லை என்றேன்.

"எனக்குப் பத்துதுங்கத்தை" என்று உப்பு ஜாடியைத் தூக்கி என் தட்டுப் பக்கம் வைத்தாள். "உங்களுக்கு வேணுங்கறது போட்டுக்கங்க."

போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அவசியம் இல்லை. பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரசத்தை உறிஞ்சினாள்.

புரட்டாசி 20, ஞாயிறு

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "நான் தப்பு தப்புன்னு கத்தீட்டிருக்கேன். நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்கறயே. அப்பறம் எதுக்கு எங்கிட்டக் கேக்கறே?"

ஒரு துண்டை வெட்டி மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள். "மூணு தடவையும் எப்படிப் போச்சுன்னு தெரியுங்களா? மொதல்ல சரியாத்தான் போடுவேன். அப்பறம் யாரோ பின்னால நின்னுட்டு, தப்பு, அது தப்புன்னு சொல்ற மாதிரியே இருக்கும். மாத்தீருவேன். வெளியே வந்து பாத்தா மொதல்ல போட்டதுதான் சரியா இருக்கும். குத்தமில்லாததக் குத்தமில்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லீங்க."

பின்னால் நின்றது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைப் பெற்றவளாக இருக்கும். அந்தச் சம்பந்தியம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் குற்றம் சொல்கிற வாய். கல்யாணத்தன்று எங்கள் வீட்டுச் சீர்த்தட்டில் பழம் கனியவில்லை என்று சொன்னவள். அது கனிந்துதான் இருந்தது.

புரட்டாசி 27, ஞாயிறு

பெரிய தேர்வு. சேலம் வரை போக வேண்டும் என்று விடியும் முன்பே கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "கெளம்பட்டுங்களா அத்தை?" என்றாள். குடையைக் கையில் கொடுத்தேன். இது இல்லாமல் போய் நனைந்து வந்து காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைக்க இங்கே ஆள் கிடையாது.

ஐப்பசி 14, வியாழன்

தீபாவளி.

யுவராஜுக்கு எடுத்த சட்டையைப் பெட்டியில் வைத்தேன். போன வருஷத்துச் சட்டையின் மேல், அது அதற்கு முந்தைய வருஷத்துச் சட்டையின் மேல். மருமகள் அந்தப் பக்கம் வந்தாள், பார்த்தாள், பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் வரலையே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காமல் இருக்கிறவளிடம் என்ன சொல்வது.

மார்கழி 20, சனி

முழங்கால் வீக்கம். மருமகள் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறாள். கை முரடு. பாவாத்தாள் வந்து பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவங்க அக்கா நீங்க" என்றாள். இவளுக்கென்ன, இவள் காலா வலிக்கிறது.

பங்குனி 18, செவ்வாய்

தேறிவிட்டாள்.

போனைப் பார்த்துக்கொண்டு சமையல்கட்டு நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் பால் பொங்கிவிடாமல் இறக்கி வைத்தேன். இந்த வீட்டில் அதைக் கவனிக்க இன்னொருத்தர் கிடையாது.

மத்தியானம் தெருவே வந்து போனது. பாவாத்தாளிடம் நான், "ராத்திரி பகலா விடை சொன்னது நானாக்கும். தாளைக்கூட வெச்சுக்காம மனப்பாடமாச் சொன்னேன்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

எல்லோரும் போன பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பாவாத்தாக்காகிட்டச் சொன்னது நெசந்தானுங்க. உங்களாலதான் பாஸானேன்."

"தெரிஞ்சாச் சரி."

"புரட்டாசி மாசம் ஒருநா ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்னு சொன்னனில்லங்க. அது விடைத்தாளு. கலைச்செல்வன் சார்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. நானா இத்தனை தப்புப் போடறேன்னு நம்ப முடியாமத்தான் போனேன். வர்ற வழியில பஸ்ஸுல ஒக்காந்து ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தேன்."

மேலே மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் விடச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

"அப்ப தெரிஞ்சே எங்கிட்டக் கேட்டிருக்கே."

"தெரிஞ்சுதானுங்க கேட்டேன். தெரிஞ்ச ராத்திரி உங்ககூடப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். விடிஞ்சதும் வேற தோணுச்சு. சரியா இருக்கறத, தப்புன்னு ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா அடிச்சுச் சொல்லும்போது மாத்தாம இருக்கப் பழகோணும். அதுக்கு உங்கள உட்டா எனக்கு ஆளேது."

திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பருப்பு விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

இத்தனை அழுத்தக்காரி பத்து வருஷமாக என் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறாள். ஒரு மாதம் முழுக்க நான் அவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தினமும் அவளுக்குச் சாணைக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். சின்னம்மிணியின் அப்பளத்துக்கு அடுத்தபடி இதைத்தான் எழுதி வைக்க வேண்டும். தேதி போட்டாயிற்று.

சித்திரை 8, திங்கள்

பாலக்கோட்டில் வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும். பாப்பாவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். வீடும் பார்த்துவிட்டாள். "உள்ரூம்பு உங்களுக்கு" என்றாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

நான் வர முடியாது என்றேன். யுவராஜ் வந்தால் வீடு திறந்திருக்க வேண்டும் என்றேன்.

கடைசித் துண்டு மூட்டை எதிரில் இருந்தது. நாளைக்குத் தறிப்பட்டறைக்காரன் வந்து எடுத்துக்கொள்வான். அவள் ஒரு துண்டை மடியில் போட்டுக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு கேக்கறனுங்கத்தை. இதுக்கு விடை உங்ககிட்ட மட்டுந்தான் இருக்குது. எங்கிட்ட ஜெராக்ஸ் கெடையாது. ஊர்ல நாலு பேர் நாலு விதமாச் சொல்றாங்க. நான் யாருகிட்டயும் கேட்டுக்கல. நீங்க சொல்றதையே எடுத்துக்கறேன். அவரு திரும்பி வருவாருங்கறது சரிங்களா, தப்புங்களா?"

பாப்பா வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. அதன் குரல் கேட்டது.

லோகநாதன் ஆற்றங்கரையில் சொன்னது எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தகரக் கூரை வீடு, முன்னால் பப்பாளி மரம். அங்கே அவனோடு இருக்கிற பெண் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ரிக் நிற்கிற இடத்துக்கே வருவாளாம். பையன் இப்போதுதான் நடக்கிறான், காது அப்படியே யுவராஜின் காது. அங்கே டவர் நன்றாகக் கிடைக்கிறதாம். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, நீயே சொல்லிரு" என்று அவனேதான் லோகநாதனை அனுப்பியிருக்கிறான். எனக்கு மறதி வருமென்றால் இந்த ஒன்றுக்காவது வந்திருக்கலாம்.

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் துண்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் விடைக்குக் காத்திருக்கிற மாதிரி.

"தப்பு" என்றேன்.

இந்தத் தடவை அவள் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்தாள். நானும் ஒரு துண்டை எடுத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. மூன்று துண்டு அவள் வெட்டுவதற்குள் நான் ஒன்றுதான் வெட்டினேன்.

வைகாசி 4, ஞாயிறு

பாலக்கோடு. தண்ணீர் சப்பென்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறாள். பால்காரன் முகத்தைப் பார்த்தாலே தண்ணீர் கலக்கிறவன் என்று தெரிகிறது. தக்காளி மட்டும் மலிவு, அதைப் பெருமையாகச் சொல்ல ஒரு ஊர்.

திருச்செங்கோட்டு வீட்டுச் சாவி பாவாத்தாளிடம் இருக்கிறது. எந்தப் பாத்திரம் எந்தப் பலகையில் இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மூன்று சட்டையையும் லோகநாதனுக்குக் கொடுத்தேன். தடி பட்ட கால் இன்னும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

கோகிலா, மருமகள் பெயர் அதுதான், நாளைக்கு வங்கிக்குக் கட்டிக்கொண்டு போகச் சேலையை இஸ்திரி போட்டுவிட்டு, தக்காளி ரசம் வைத்தாள். எனக்கு ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்றாள். பாப்பாவும் என் வாயையே பார்த்தது.

குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன்.

"எப்படியிருக்குதுங்கத்தை?"

"ஈ" என்றேன்.

கரண்டி கையில் இருக்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரொம்பப் பெருமை வந்துவிடக் கூடாதே என்று, அப்பளம் உடைந்திருக்கிறது என்றும் சொல்லி வைத்தேன். உடைந்துதான் இருந்தது.